ஆறாத புண்ணை அலட்சியம் செய்யலாகாது

புலம்பெயர்ந்த நம்மோடு வெற்றிலைத் தட்டமும் கடல் கடந்து வந்துள்ளது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிப்படுத்தியது. இலங்கை ஆண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றே. புகைத்தலும் மதுவும் சேரின் ஆபத்துப் பன்மடங்காகும்.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கழுத்தில் கட்டி, நீங்காத குரலடைப்பு, விழுங்குவதில் சிரமம், வாய் திறக்க இயலாமை ஆகியன எச்சரிக்கைகள். தொடக்கத்தில் வலி இராமையால் பலர் பிந்துகின்றனர்.

மொழி தெரியாமையும், அகதி வழக்குக்குப் பாதகமாகுமோ என்னும் அச்சமும் நம்மவரைத் தடுக்கலாகாது. நோயாளியின் இரகசியம் காப்பது வைத்தியரின் கடமை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவோம். சபையில் தட்டம் இருக்கட்டும். வாயில் பாக்கு வேண்டாம்.