வாயில்லாச் சீவனுக்கு வைத்தியர் யார்?

பாடசாலை மாணவி ஒருத்தி எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். தந்தையார் வாங்கிக் கொடுத்த நாய்க்குட்டிக்கு இப்போது இரண்டு மாதம் நிரம்பியிருக்கின்றதாம். அதற்கு ஊசி போடுவிக்க எவரிடம் கொண்டு செல்வது என்பதில் வீட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்கின்றனராம். “நல்ல மிருக வைத்தியரை அறிந்துகொள்வது எவ்வாறு?” என்பது அவளது வினா. சிலருக்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதற்குரிய காரணத்தை முதலிற் கூறிவிட்டு விடைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலே செம்பி என்றொரு பூனை இருந்தது. மழை நாளொன்றில் என் இளைய மகள் வேலியோரத்திலிருந்து எடுத்து வந்து வளர்த்தது அது. ஒருநாள் மாலை செம்பி உணவு கொள்ளாமல் மூலையிற் சுருண்டு படுத்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று நானே தீர்மானித்தேன். வீட்டிலே பரசிற்றமோல் குளிசை இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதானே, பூனைக்கு அரைக் குளிசை போதும் என்று எண்ணிப் பாலிற் கரைத்து ஊட்டிவிட்டேன். படித்தவன் என்ற நம்பிக்கை அப்படிச் செய்யத் தூண்டியது.

விடிந்து பார்த்தபோது செம்பியின் முகம் வீங்கியிருந்தது, பல் முரசு கபில நிறமாகியிருந்தது, மூச்சு வாங்கியது. அப்பொழுதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது! அயலாரைக் கேட்டு ஓரிடத்துக்குப் போனோம், கதவு பூட்டியிருந்தது. மற்றோரிடத்தை விசாரித்து ஓட்டோவிற் போய்ச் சேரும்போது முற்பகல் பதினொரு மணியாகிவிட்டது.

அந்த வைத்தியர் செம்பியை மேசையில் வைத்ததும் கேட்ட முதற் கேள்வி, “என்ன மருந்து குடுத்தனீங்கள்?” என்பதே. வெட்கத்தினால் என் வாய் “ஒன்றும் கொடுக்கவில்லை” என்றது. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா பரசிற்றமோல் குடுத்தவர்” என்றாள். வைத்தியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பரசிற்றமோலைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு என்றும், அதனால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையை இழந்துவிடுகின்றது என்றும் விளக்கினார். “இதற்கு மாற்று மருந்து உண்டு, சேர். இரவே கொண்டு வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம்” என்றார். இயன்ற சிகிச்சையை அவர் செய்தார். பொழுதுபடுமுன் செம்பி இறந்துவிட்டது.

அன்றிரவு மகள் என்னிடம் கேட்டது இன்னும் என் காதில் நிற்கின்றது. “ஆர் வந்து எதைக் கேட்டாலும் சொல்லுறீங்கள் அப்பா. செம்பிக்கு வைத்தியர் ஆர் எண்டு ஏன் முதலே விசாரிச்சு வைக்கேல்லை?” அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இன்று இம்மாணவிக்கு எழுதும் விடை அந்தக் கேள்விக்கும் உரியதாகுக.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுத்துள்ளார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர். மனிதருக்கு நோய் வந்தால், எங்கே நோகின்றது என்று நோயாளியே சொல்லிவிடுவார். நாயோ பூனையோ அவ்வாறு சொல்லமாட்டாது. ஆகவே வாயில்லாச் சீவனைப் பொறுத்தவரை நான்காவது உறுப்பாகிய நாமே முதலாவது உறுப்பின் வாயாகவும் இருத்தல் வேண்டும். நம் வாயிலிருந்து உண்மையை வருவிக்கத் தெரிந்தவரே நல்ல மிருக வைத்தியர். மற்றைய அடையாளங்கள் பலவும் இதனை அடியொற்றியவையே.

முதலாவதாக, அவர் உண்மையில் மிருக வைத்தியர்தாமா என்பதை அறிதல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு கல்விக்கூடத்திலோ பட்டம் பெற்று, மிருக வைத்தியச் சபையிற் பதிவு செய்துகொண்டவரே இந்நாட்டில் அத்தொழிலைப் புரிதற்கு உரியவர். இதற்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பண்ணைகளுக்கு வந்து உதவி புரியும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்கள் அரிய சேவை செய்கின்றனர். எனினும் அவர்கள் வேறு, வைத்தியர்கள் வேறு. மருந்துக்கடையில் நிற்பவரும் மிருக வைத்தியர் அல்லர். பதிவைப் பற்றி மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. தகுதியுடையவர் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

இரண்டாவதாக, அவர் பரிசோதிக்கும் முறையைக் கவனியுங்கள். வாசலில் வைத்தே பார்த்து ஊசியை எடுப்பவரிடம் அவதானமாயிருங்கள். நல்லவர் முதலிற் கேட்பார்: என்ன தின்றது, எப்போது தொடங்கியது, வாந்தியா, வயிற்றோட்டமா, சிறுநீர் போகின்றதா, எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். பின்னர் நிறுத்துப் பார்ப்பார். மருந்தின் அளவு உடல் நிறையைப் பொறுத்ததன்றோ! வெப்பமானி வைத்துப் பார்ப்பார். ஆரோக்கியமான நாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102½ பாகை பரனைற்று வரை இருக்கும். நமக்குச் சுடுவதுபோலத் தோன்றுவது அதற்கு இயல்பாகவே இருத்தல் கூடும். கையால் தொட்டுக் காய்ச்சலைத் தீர்மானித்த என் பிழையை இங்கே நினைவுகூர்க. பல் முரசின் நிறத்தைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்ட பின்பே அவர் மருந்தைப் பற்றிப் பேசுவார்.

மூன்றாவதாக, உங்கள் பிராணியின் இனத்தை அவர் அறிந்தவரா என்று பாருங்கள். பூனை சிறிய நாயன்று என்பதை நான் பெருவிலை கொடுத்துக் கற்றேன். முயலும் அப்படியே. நாய்க்கும் பூனைக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் அமொக்சிசிலின் மருந்தை முயலுக்கு வாயால் ஊட்டினால், குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே மாண்டுபோகவும் கூடும். கிராமப்புறத்து அரசாங்க வைத்தியர்கள் பசு, ஆடு, கோழி ஆகியவற்றில் நெடுங்கால அனுபவமுடையவர்கள். கிளி, முயல் வளர்ப்போர் “இவற்றைப் பார்த்துப் பழக்கமுண்டா?” என்று முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.

நான்காவதாக, “இது எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லத் துணிவுள்ளவரா என்று பாருங்கள். எல்லாம் தெரியும் என்பவரிலும், “இதனைப் பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்” என்று காலதாமதமின்றி அனுப்பி வைப்பவர் மேலானவர். பிழைக்காது என்றால் பிழைக்காது என்று கனிவோடு சொல்லவும் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். செம்பியைப் பார்த்த வைத்தியரிடம் அந்தப் பண்பு இருந்தது.

ஐந்தாவதாக, இடத்தின் துப்புரவும் எழுத்தும். ஒரு பிராணியைப் பார்த்தபின் மேசையைக் கழுவுகின்றனரா? நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் வைரசு நோய் நிலத்திலும் பொருள்களிலும் நெடுநாள் உயிர்த்திருக்கும். ஆதலால் ஊசி முற்றுப்பெறாத குட்டியை அங்கே தரையில் விடாமற் கையிலேயே வைத்திருங்கள். போட்ட ஊசியின் பெயரையும் திகதியையும் அட்டையில் எழுதித் தருகின்றனரா என்றும் பாருங்கள். விசர்நோய்த் தடுப்பூசிக்கு அந்த அட்டையே சான்றாகும். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். ஊசி போட்ட நாயே கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மனித ஆஸ்பத்திரிக்குச் சென்று ஆலோசனை பெறுதல் வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் பலர் கேட்கக் கூச்சப்பட்டு, பிறகு மனம் நொந்து, அடுத்த முறை போகாமலே விட்டுவிடுகின்றனர். துன்பப்படுவது பிராணி. முதலிலேயே கேட்டுவிடுங்கள், வசதி குறைவென்றால் அதனையும் மறையாது சொல்லுங்கள். குறைந்த செலவில் இயலும் வழி இருந்தால் நல்ல வைத்தியர் அதனை எடுத்துக் கூறுவார். விசர்நோய்த் தடுப்பூசியை நாய்களுக்கு அரசாங்கம் இலவசமாகவே போட்டு வருகின்றது.

இவை எல்லாவற்றையும் எப்போது பார்ப்பது? பிராணி துள்ளி விளையாடும்போதே பார்த்தல் வேண்டும். மூச்சு வாங்கும் பிராணியை மடியில் வைத்துக்கொண்டு எவரும் வைத்தியரைத் தெரிவு செய்ய முடியாது. திறந்திருக்கும் கதவினுள் நுழையத்தான் முடியும். ஆகவே மாணவியே, உனது நாய்க்குட்டிக்கு இதுவே தக்க தருணம். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஊசி தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, நான்கு மாதம் நிரம்பும் வரை போடுதல் வழக்கம். வீட்டார் சொல்லும் பெயர்களில் இரண்டைத் தெரிந்து, தந்தையாருடன் நேரிற் சென்று பார். இரவிலும் விடுமுறை நாளிலும் எவரை நாடுவது என்று கேள். தொலைபேசி எண்ணைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டு. அவர் கேட்பவற்றுக்கு உண்மையையே சொல். தவறு செய்திருந்தாலும் சொல்.

செம்பி இறந்து சில மாதங்களின் பின் எங்கள் வீட்டுக்கு மற்றொரு பூனைக்குட்டி வந்தது. வந்த வாரமே மகள் அதனைக் கூடையிலிட்டு, அதே வைத்தியரிடம் போவோம் என்றாள். “ஏதும் வருத்தமோ?” என்று வைத்தியர் கேட்டார். “ஒண்டுமில்லை. உங்களைத் தெரிஞ்சு வைக்கத்தான் வந்தனாங்கள்” என்றாள் அவள். வைத்தியர் சிரித்துக்கொண்டே குட்டியைத் தராசில் வைத்தார். நான் அருகில் நின்று, அவர் கேட்டவற்றுக்கெல்லாம் உண்மையான விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.