ஜீப்புக்குத் திறக்கும் காடு, பழங்குடிக்கு மூடும் காடு

ரந்தம்பூரிலும் பாந்தவ்கரிலும் ததோபாவிலும் சுற்றுலாப் பருவம் தொடங்கிவிட்டால், விடியற்காலையிலேயே திறந்த ஜீப்புகள் வனத்தின் வாயிலில் வரிசைகட்டுகின்றன. பாதையோரம் ஒரு புலி தென்பட்டால் போதும். அத்தனை வண்டிகளும் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. மிக அருகில் எடுத்த அந்தப் படம் சொகுசு விடுதிகளின் விளம்பரமாகிறது. ஆனால், நாட்டின் பல காப்பகங்களில் விறகு பொறுக்கவும் தேன் எடுக்கவும் செல்லும் பழங்குடி மக்கள் அத்துமீறியவர்களாக நடத்தப்படுகிறார்கள். ஒரே காட்டில் இரண்டு நீதி. இது தற்செயலானதல்ல, வர்க்கச் சார்புள்ள கொள்கை.

யாருக்குத் தடை?

புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் மனிதத் தலையீடே கூடாது என்பதுதான் வெளியேற்றத்திற்குக் கூறப்படும் நியாயம். 54 காப்பகங்களின் மையப் பகுதிகளில் 591 கிராமங்களும் 64,801 குடும்பங்களும் இருப்பதாகக் கணக்குக் காட்டிய தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், அவர்களை இடமாற்றும் பணியை விரைவுபடுத்துமாறு 2024 ஜூனில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. இதே ஆணையம் 2012இல் வகுத்த வழிகாட்டு நெறிகள், மையப் பகுதியின் 20 சதவீதம் வரை சுற்றுலாவுக்கு இடமளிக்கின்றன. தலைமுறைகளாக வாழும் மனிதனின் காலடி புலிக்கு ஆபத்தாம். கட்டணம் செலுத்தியவனின் ஜீப்புச் சக்கரம் ஆபத்தில்லையாம்!

இடதுசாரிகளின் உறுதியான வற்புறுத்தலோடு நிறைவேறிய 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. உரிமைகளை அங்கீகரிக்கும் பணி முடியாமல் எவரையும் வெளியேற்றக் கூடாது. இணைந்து வாழ வழியே இல்லை என்று நிறுவப்பட வேண்டும். கிராம சபை முழு விவரம் அறிந்து, தன்விருப்பப்படி ஒப்புதல் தர வேண்டும். அவ்வாறு மக்கள் விட்டுச்சென்ற நிலத்தைப் பின்னர் அரசோ வேறு எவருமோ பிற பயன்பாட்டுக்குத் திருப்பிவிடவும் கூடாது. இந்த நிபந்தனைகளை ஒதுக்கிவிட்டுக் கால அட்டவணை கேட்பது சட்ட மீறலன்றி வேறென்ன?

வேலிக்குள் ஒரு வியாபாரம்

இயற்கையில் புலி தென்படும் என்ற உறுதியில்லை. பணம் கொடுத்தவருக்கு அந்த உறுதியைத் தருவதற்கான ஏற்பாடே வேலியிட்ட ‘புலி சஃபாரி’. உத்தராகண்ட் மாநிலம் கார்பெட் காப்பகத்தின் பாக்ரோவில் இதற்காக 163 மரங்களை வெட்டவே அனுமதி இருந்தது. வெட்டப்பட்டவையோ 6,000க்கும் அதிகம் என இந்திய வன ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பாஜக ஆட்சியில் வனத்துறை அமைச்சராக இருந்தவரும் வன அதிகாரியும் சட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டதை 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கடுமையாகச் சாடியது. புலிக்காக என்று சொல்லிப் புலியின் வாழிடத்தையே அழித்த கதை இது.

இதிலிருந்து ஒன்றிய அரசு பாடம் கற்கவில்லை. 2023இல் அது திருத்திய வனப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே உள்ள காடுகளில் அரசுக்குச் சொந்தமான உயிரியல் பூங்காக்களும் சஃபாரிகளும் அமைப்பதை ‘வனம் சாராத பயன்பாடு’ என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. தனது முன் அனுமதியின்றி அவற்றை அமைக்கக் கூடாது என 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு அனுபவங்கள்

சுற்றுலா இருந்தால்தான் வேட்டைக்காரர்கள் அஞ்சுவார்கள், புலி பிழைக்கும் என்று வாதிடுகிறார்கள். டெல்லிக்கும் ஜெய்ப்பூருக்கும் அருகிலுள்ள சரிஸ்கா பெயர்பெற்ற சுற்றுலாத்தலம். அங்கே 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. மாறாக, கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளிகர் மக்களின் சமூக வன உரிமை 2011இல் அங்கீகரிக்கப்பட்டது. அங்கு 2010இல் 35 ஆக இருந்த புலிகள் 2014இல் 68 ஆக உயர்ந்ததாகக் கணக்கெடுப்பு காட்டியது. பெருக்கத்திற்கு உரிமைகள் மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. மக்கள் இருந்தால் புலி அழியும் என்ற வாதம் பொய் என்பதற்கு இதுவே போதும்.

ஜீப் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் விடுதித் தொழிலாளர்களும் நம் எதிரிகள் அல்லர். அவர்களில் பலர் நிலமிழந்த குடும்பங்களின் பிள்ளைகள். காட்டின் உரிமையாளராக இருந்தவரைப் பருவகாலக் கூலியாக மாற்றிவிட்டு, அதையே ‘வேலைவாய்ப்பு’ என்று பெருமை பேசும் ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறோம்.

ஆணையத்தின் 2024 ஜூன் கடிதம் திரும்பப் பெறப்பட வேண்டும். வன உரிமைக் கோரிக்கைகள் தீர்க்கப்படும்வரை எந்த வெளியேற்றமும் கூடாது. மையப் பகுதிகளில் வணிகச் சுற்றுலா நிறுத்தப்பட வேண்டும். வெளிப்பகுதிச் சுற்றுலாவும் அதன் வருவாயும் கிராம சபைகளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் ரத்து செய்யப்பட வேண்டும்.

புலியையும் பழங்குடியையும் எதிரெதிரே நிறுத்துவோர், இருவரிடமிருந்தும் காட்டைப் பறிக்கவே முனைகின்றனர். இதை ஒவ்வொரு கிளையிலும் விவாதிப்போம். காட்டை விட்டுக்கொடுக்க மறுத்து நிற்கும் மக்களுடன் தோள்சேர்ந்து நிற்போம்.