கருந்திரி வீட்டுக்குள் ஒரு கோழிக்கூடு

வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடிந்து சற்று நேரத்திலேயே தெரு காலியாகிவிடும். பட்டாசு ஆலை வேன்கள் வந்து கணவனையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பது முற்றம், வேப்பமரம், கட்டிலில் ஒரு பாட்டி. இந்தத் தெருவில் ஒரு குடும்பம் கோழி வளர்க்கலாமா என்று யோசித்தால், பகலில் வீட்டில் யார் இருப்பார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குஞ்சு விலை, தீவன விலையெல்லாம் பிறகு.

கேள்வி சிறியதல்ல, ஏனென்றால் ஆலை வேலையை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது என்றானது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அதற்கு முன்பும் தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலை இராது. மழை பிடித்தால் மருந்து காயாது, அன்றைய கூலியும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பச் சில வீடுகளில் ரகசியமாக நடப்பதுதான் கருந்திரி. நூலில் கருமருந்து ஏற்றிக் காயவைக்கும் இந்த வேலையை உரிமமின்றி வீட்டில் செய்வது குற்றம். போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனாலும் அடுப்பெரியும் கூரைக்குக் கீழேயே கருந்திரி காய்கிறது. 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் உரிமம் பெற்ற ஆலையே வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆலைக்கே அந்தக் கதி என்றால், குழந்தைகள் புழங்கும் வீடு என்னவாகும்?

வீட்டோடு இருந்து சம்பாதிக்க இன்னொரு வழி இந்த வீட்டுப் பெண்களுக்கு வேண்டும். தீப்பெட்டிக்குக் கூடு ஒட்டிக் காசு பார்த்த காலம் இயந்திரம் வந்ததும் போய்விட்டது. மிஞ்சியவற்றில் கோழியும் ஒன்று.

கோழியை ஏழைக்கு ஏணியாகச் சொன்னவர்களில் உலகப் பணக்காரர் ஒருவரும் உண்டு. 2016இல் பில் கேட்ஸ், ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு லட்சம் கோழிகள் தருவதாக அறிவித்தார். ஐந்து பெட்டைகளோடு தொடங்கும் பெண், கோழிக்கு 5 டாலர் விலை கிடைத்தால் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஈட்டலாம் என்பது அவர் போட்ட கணக்கு. பொலிவியா அரசு அந்தக் கொடையே வேண்டாம் என்று திருப்பிவிட்டது. பொருளாதார அறிஞர் கிறிஸ் பிளாட்மேனோ, கோழிக்கு ஆகும் செலவைப் பணமாகவே அந்த ஏழைகள் கையில் கொடுத்தால் என்ன என்று பகிரங்கமாகக் கேட்டார்.

அந்தக் கணக்கைக் கரிசல் மண்ணில் போட்டுப் பார்க்கலாம். நம் சிறுவிடைக் கோழி ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு. அவயம் வைத்தால் 21 நாளில் குஞ்சு. ஐந்து பெட்டை, மூன்று ஈடு, ஈட்டுக்குப் பத்துக் குஞ்சு என்றால் 150 பொரிக்கும். அதில் பருந்து தூக்குவது, கீரி கடிப்பது, காக்கை கொத்துவது, சீக்கில் போவது எல்லாம் கழித்து 50 தேறினாலே பெரிது. பத்தை வீட்டுக்கு அறுத்து, மீதி நாற்பதை ஒன்றேகால் கிலோவில், உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று விற்றால் 20,000 ரூபாய். தீவனமும் மருந்தும் போக மாதம் ஆயிரத்துச் சொச்சம். ஆயிரம் டாலர் கனவு இங்கே பலிக்காது. கருந்திரிக் கூலிக்கும் இது ஈடாகாது. அதை மறைத்துப் பேசினால் அந்தப் பெண்கள் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஆனால் இந்த ஆயிரம், வேலையில்லாத மாதத்திலும் வரும். அதுவும் அவள் கையில் வரும். பள்ளிக்கூடச் செலவுக்கு இரண்டு சேவல், ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டை என்று கூட்டைத் திறந்து விற்கலாம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் கூட்டம் சேரும்போதும், தீபாவளியின்போதும் நாட்டுக்கோழிக்குக் கிராக்கி ஏறும். ஐந்து மாதம் முன்பே அவயம் வைத்தவள் நல்ல விலை பார்ப்பாள். குழந்தைகளுக்கு முட்டையும் கிடைக்கும்.

ஆகவே வளர்க்கலாம், சில நிபந்தனைகளோடு. பகலில் ஒரு பெரியவராவது வீட்டில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் நான்கைந்து பெட்டை, ஒரு சேவல் போதும். கடன் வாங்கிக் கொட்டகை போடவே கூடாது. குஞ்சு தருகிறோம், வளர்த்துக் கொடுங்கள், நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது முன்பணம் கேட்டால், 2012இல் பெருந்துறையில் ஈமு கோழியை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்களை நினைத்துக்கொள்ள வேண்டும். தீவனச் செலவைக் குறைக்க நம் ஊரில் பழைய வழி இருக்கிறது: பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குக் கறையான் தயார். சித்திரை வெயிலில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் தவறக் கூடாது.

எல்லாவற்றையும் விடத் தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஓர் ஊசி. இதற்குப் பெரிய செலவில்லை. இதை விட்டதனால்தான் எத்தனையோ வீடுகளில் “கோழி நமக்கு ராசியில்லை” என்று சொல்லிக் கூட்டை உடைத்துப் போட்டார்கள். தமிழக அரசு முன்பு ஏழைப் பெண்களுக்கு 25 குஞ்சுகள் வீதம் கொடுத்தது. பின்னர் 40 குஞ்சுகளைப் பாதி மானியத்தில் கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் குஞ்சைக் கொடுத்த கை ஊசி போடவும் திரும்பி வர வேண்டும்.

கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரிதோறும் இரண்டு வாரம் இந்தக் கழிச்சலுக்கான தடுப்பூசி முகாம் நடத்துகிறது. வெயில் ஏறுமுன் போடுவதால் காலமும் பொருத்தம்தான். ஆனால் ஆலை வேன் போன பிறகு முகாம் வந்தால், மேயப்போன கோழியைப் பாட்டியால் ஓடிப் பிடிக்க முடியாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஒன்றியங்களிலாவது முகாமை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். அது முடியாதென்றால் காலை ஆறு மணிக்கே தெருவுக்கு வாருங்கள். அந்நேரம் கோழிகள் பஞ்சாரத்துக்குள் இருக்கும், வீட்டுக்காரியும் வாசலில் இருப்பாள்.