இருப்புப்பாதைக்கு முன் ஒரு மரப்பாதை

இரும்பும் பாதையும் புணர்ந்து 'இருப்புப்பாதை' ஆகும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். 'புகைவண்டி' என்னும் சொல்லும் உடன் சேர்ந்துகொள்ள, ரயிலின் வரலாறு இரும்பிலும் நீராவியிலும்தான் தொடங்கியது என நாமும் நம்பிவிட்டோம். இங்கிலாந்தில் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதை திறக்கப்பட்ட 1825ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொண்டு, 2025இல் இருநூறாம் ஆண்டு விழாவும் கொண்டாடினார்கள். இந்தக் கணக்கு நமக்கு உடன்பாடானதன்று.

அதற்கு 221 ஆண்டுகளுக்கு முன்பே, 1604இல், நாட்டிங்காம் அருகே ஸ்ட்ரெல்லியிலிருந்து வொல்லட்டன் வரை ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவுக்கு மரத் தண்டவாளங்கள் இடப்பட்டுவிட்டன. இட்டவர் ஹண்டிங்டன் போமான்ட். அப்பாதையில் நிலக்கரி வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. சேற்றில் புதைந்துகொண்டிருந்த சக்கரம் மரத்தின்மீது உருளத் தொடங்கியதும், அதே குதிரையால் பன்மடங்கு சுமையை இழுக்க முடிந்தது. ரயிலின் உயிர்க்கருத்து இதுவே. நீராவி எஞ்சின் பின்னாளில் வந்து குதிரையின் இடத்தை எடுத்துக்கொண்டது, அவ்வளவே. போமான்ட்டோ நிலக்கரித் தொழிலில் நொடித்து, கடனாளியாகி, 1624இல் சிறையில் மாண்டார்.

அவருக்குப் பின்னும் மரப்பாதை மாளவில்லை. டைன் ஆற்றை ஒட்டிய சுரங்கப் பகுதிகளில் அது நெடுகப் பரவியது. மரம் விரைவில் தேயும். ஆகவே கட்டையின்மேல் கட்டை வைத்து, தேய்ந்த மேற்கட்டையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். அத்தகைய பாதை ஒன்றுக்காக 1720களில் எழுப்பிய காஸி வளைவுப் பாலம், நூறடிக்கு மேற்பட்ட ஒற்றை வளைவாக இன்றும் நிற்கிறது.

2013இல் நியூகாசிலில் நடந்த அகழாய்வில், பதினெட்டாம் நூற்றாண்டின் மரப்பாதை ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. அதன் அகலம் ஏறத்தாழ 4 அடி 8½ அங்குலம். ஜார்ஜ் ஸ்டீபன்சன் இப்பகுதிச் சுரங்கப் பாதைகளில் தொழில் பழகியவர். அங்கிருந்த அளவையே தம் இரும்புப் பாதைக்கும் கொண்டார். இன்று உலக ரயில்பாதைகளில் பாதிக்கு மேல் அந்த அகலத்தில்தான் அமைந்திருக்கின்றன.

மரம் மக்கும், இரும்பு நிலைக்கும். வரலாறும் நிலைத்தவற்றையே எண்ணுகிறது. அம்மரங்களை அறுத்து, செதுக்கி, இரண்டு நூற்றாண்டுக் காலம் மாற்றி மாற்றி இட்ட தச்சர்களுள் எவர் பெயரை நாம் அறிவோம்? 'இருப்புப்பாதை' என்னும் அழகிய சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அடுத்த முறை அதன் புணர்ச்சியை விளக்கும்போது, அந்த இரும்புக்கு முன் அங்கே மரம் இருந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சேர்த்துச் சொல்வோம்.