கிருமி போகும், கொழுப்பு போகுமா?

கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும்.

நாமக்கல் மாவட்டத்து மலை இது. மேலே மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்.

சாமை, தினை, கேழ்வரகு. தலைமுறை தலைமுறையாக இவைதான் அவர்களுடைய சாப்பாடு. சாமையில் மட்டும் வெள்ளைப்பெருஞ்சாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை என்று எத்தனையோ ரகங்கள் அங்கே உண்டு.

இப்போது அந்தக் காடுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்கு மாறிவிட்டது. கிழங்கு லாரி ஏறி, சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வீட்டு அடுப்பில் வேகுவது ரேஷன் அரிசி.

"ஈரல் வியாதியைப் பற்றிய கட்டுரையில் சாமைக்கும் கிழங்குக்கும் என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

வேலை இருக்கிறது.

சத்தம் போடாத கிருமி

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் ஹெபடைடிஸ் சி.

1989-ம் ஆண்டில்தான் இது இன்னதென்று தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இது ரத்தத்தின் மூலம் பரவும். சுத்தம் செய்யாத ஊசி, சோதிக்காமல் ஏற்றிய ரத்தம், பலருக்கும் ஒரே ஊசியால் பச்சை குத்துவது ஆகியவை இதற்கு வாசல்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது. ஆகவே, நோயாளியை வீட்டில் ஒதுக்கி வைப்பது அநியாயம்.

உள்ளே புகுந்த கிருமி சும்மா இருப்பதுபோல் இருக்கும். வலி இருக்காது. பலருக்குக் காமாலைகூட வராது. ஆனால் 20, 30 ஆண்டுகளில் ஈரலைச் சுருங்க வைத்துவிடக்கூடும். சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும்.

2022-ம் ஆண்டுக் கணக்கின்படி உலகத்தில் 5 கோடிப் பேருக்கு இந்த வியாதி இருக்கிறது. இந்தியாவில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர். இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு.

கொல்லிமலையில் இது அதிகம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எந்த ஊரிலும் வரக்கூடிய வியாதி இது. மலையைச் சொன்ன காரணம் பின்னால் வருகிறது.

ஆயிரம் டாலர் மாத்திரை

பழைய வைத்தியம் பெரிய தொல்லை. இன்டர்ஃபெரான் என்ற ஊசியை 6 மாதம் போட வேண்டும். சிலருக்கு ஓர் ஆண்டு. கூடவே ரிபாவிரின் மாத்திரை. காய்ச்சல் வரும். சோறு இறங்காது. மனம் சோர்ந்து போகும்.

இவ்வளவு பாடுபட்டும் எல்லோருக்கும் குணமாகாது. அதிலும் உடல் பருத்தவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு. குண்டாக இருந்தால் ஊசி சரியாகப் பிடிக்காது என்ற பேச்சு அந்தக் காலத்தில் வந்ததுதான். அதில் உண்மையும் இருந்தது.

2013 டிசம்பரில் நிலைமை மாறியது. சோபாஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஒரு மாத்திரை 1,000 டாலர்! 12 வாரத்துக்கு 84,000 டாலர்!

உலகம் எங்கும் கூச்சல் எழுந்தது. 2014 செப்டம்பரில் 7 இந்தியக் கம்பெனிகளுக்கு அதைத் தயாரிக்கும் உரிமை கொடுக்கப்பட்டது. விலை மளமளவென்று இறங்கியது.

2018 ஜூலை 28-ந் தேதி மத்திய அரசு தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி அரசு மையங்களில் சோதனையும் இலவசம். மருந்தும் இலவசம்.

ஈரல் சுருங்காதவர்களுக்கு சோபாஸ்புவிருடன் டக்லாடாஸ்விர் கொடுக்கிறார்கள். சுருங்கத் தொடங்கியவர்களுக்கு சோபாஸ்புவிருடன் வெல்படாஸ்விர். பெரும்பாலோருக்கு 12 வாரம் போதும். 100 பேர் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஏறக்குறைய 95 பேருக்குக் கிருமி ஒழிந்துவிடுகிறது.

நோயாளி ஒல்லியா, குண்டா என்று இந்த மாத்திரை அதிகம் பார்ப்பதில்லை. எடை கூடியவருக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே, "முதலில் உடம்பைக் குறைத்துவிட்டு அப்புறம் மருந்து சாப்பிடுகிறேன்" என்று யாரும் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியானால் எடையைப் பற்றி எதற்குக் கவலை?

ஒரே ஈரலுக்கு இரண்டு எதிரிகள்

இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

மாத்திரை கிருமியைத்தான் அழிக்கும். ஈரலில் படிந்த கொழுப்பைக் கரைக்காது.

உடல் பருத்தவர்களில் பலருக்கு ஈரலிலும் கொழுப்பு சேர்கிறது. சாராயத்தைத் தொடாதவர்களுக்கும் சேர்கிறது. அந்தக் கொழுப்பே நாளடைவில் ஈரலைப் புண்ணாக்கும். தழும்பு விழச் செய்யும். கிருமி செய்யும் வேலையும் அதேதான். இரண்டும் சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் கெடும். இவற்றோடு குடியும் சேர்ந்தால் கேட்க வேண்டியதே இல்லை.

ஹெபடைடிஸ் சி கிருமியில் பல வகை உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது 3-வது வகை. இந்த வகைக்கு ஒரு கெட்ட குணம். ஈரலில் தானே கொழுப்பைச் சேர்க்கும்!

இன்னொரு விஷயம். கிருமி ஒழிந்த பிறகு சிலருக்கு எடை கூடுகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. கிருமி இருந்தபோது உடம்பின் கொழுப்புக் கணக்கை அது குழப்பி வைத்திருந்தது. அது போனதும் கணக்கு மாறுகிறது. "வியாதி தீர்ந்தது" என்ற மகிழ்ச்சியில் வீட்டாரும் வாரி வாரிப் பரிமாறுகிறார்கள்! பாசம்தான். ஆனால் ஈரல் அதைப் பாசமாக எடுத்துக்கொள்ளாது.

எது அதிக எடை?

நம் நாட்டாருக்கு அளவு கொஞ்சம் கண்டிப்பு. 5 அடி 3 அங்குல உயரம் உள்ளவர் 59 கிலோவைத் தாண்டினால் எடை அதிகம். 64 கிலோவைத் தாண்டினால் பருமன். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

80 கிலோ உள்ளவர் 60 கிலோவுக்கு வந்தால்தான் பலன் என்று பயப்பட வேண்டாம். எடையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்தாலே ஈரலின் புண் ஆறத் தொடங்கும். 80 கிலோக்காரருக்கு அது 6 கிலோ, 8 கிலோதான். அதையும் மாதக்கணக்கில், மெதுவாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரை சாப்பிடும்போது பட்டினி கிடப்பது தப்பு. ஈரல் சுருங்கியவர்களுக்குப் பட்டினி ஆபத்து. அவர்களுக்குப் புரதம் வேண்டும். பருப்பு, முட்டை, மீன் வேண்டும்.

தொப்பை எல்லாம் கொழுப்பு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில நாட்களில் வயிறு திடீரென்று பெருத்து, காலும் வீங்கினால் அது நீர் கோத்ததாக இருக்கலாம். கை மெலிந்து, வயிறு மட்டும் பெருக்கும். அதைப் பார்த்து, "உடம்பு தேறிவிட்டது" என்று சும்மா இருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கிருமி குறையும்போது சிலருக்கு ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கும். பழைய அளவிலேயே மருந்து சாப்பிட்டால் மயக்கம் வரலாம். நெஞ்செரிச்சல் மாத்திரை, வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகள் இந்த மாத்திரையின் பலனைக் கெடுத்துவிடும்.

கொல்லிமலை மூலிகைக்குப் பெயர் போனது. அதற்காக, "இளைக்க வைக்கும் பொடி" என்று யாராவது கொடுப்பதை வாங்கி, இந்த 12 வாரத்தில் கலந்து சாப்பிடுவது புத்திசாலித்தனம் அல்ல.

மலையில் இருந்த மருந்து

இனி சாமைக்கு வருவோம்.

சாமையில் நார்ச்சத்து அதிகம். தீட்டிய அரிசியைவிட வயிறு சீக்கிரம் நிறையும். பசி மெதுவாக வரும். அதற்காகச் சாமையை மூன்று தட்டு சாப்பிட்டால் இளைக்க முடியாது. அதுவும் தானியம்தான். அளவு முக்கியம்.

மரவள்ளியோ முழுக்க மாவுச்சத்து. அரிசிச் சோறு, மாலையில் கிழங்கு, இனிப்புப் போட்ட டீ என்று போனால் எடை ஏறாமல் என்ன செய்யும்? பழைய ஆட்கள் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தார்கள். இன்றைக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

மக்கள் சாமையை விட்டதற்கு அவர்களைக் குறை சொல்வது சரியல்ல. சாமையை உரலில் இட்டு உமி போகக் குத்துவது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. ரேஷன் அரிசியோ தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் இலவசம். குத்தவும் வேண்டாம், காசும் வேண்டாம். யார்தான் சாமையைக் குத்துவார்கள்?

இதைப் புரிந்துகொண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே வேலை செய்தது. பாரம்பரிய விதைகளைச் சேகரித்தது. உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்கே கொண்டுவந்தது. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் சாமையையும் தினையையும் பாக்கெட்டில் போட்டு விற்கத் தொடங்கின. அந்தப் பாக்கெட்டை வாங்கிச் சாப்பிடுவது பெரும்பாலும் பட்டணத்துச் சர்க்கரை நோயாளி!

அந்த மலையில் காபியும் விளைகிறது. காபி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் சொல்கின்றன. சர்க்கரையை வாரிப் போட்டால் அந்த லாபம் போய்விடும்.

அரசாங்கத்துக்கு ஒரு வார்த்தை

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, ஈரல் கொழுப்பு வியாதியைச் சர்க்கரை, ரத்த அழுத்தத் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் செய்தது.

ஆனால் மருந்து ஒரு இலாகாவில் இருக்கிறது. அரிசி வேறு இலாகாவில் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை! 12 வாரம் மாத்திரை கொடுத்து, கிருமி போய்விட்டது என்று சீட்டு எழுதி அனுப்புகிறோம். அவர் வீட்டுக்குப் போனதும் தட்டில் விழுவது அதே அரிசி. அவர் எடை என்ன, இடுப்பு என்ன என்று 6 மாதம் கழித்துக் கேட்க ஆள் வேண்டாமா? வீட்டுக்கு வரும் அதே சுகாதாரப் பணியாளர் ஒரு அளவு நாடாவும் கொண்டுவந்தால் போதும்.

ரேஷனிலும் வழி இருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனைத் திட்டம் தொடங்கியது. சாமை விளையும் கொல்லிமலையை அன்று அதில் சேர்க்கவில்லை. மலையில் விளைந்த சாமையை அரசே நல்ல விலைக்கு வாங்கி, இயந்திரத்தில் உமி நீக்கி, அதே மலையின் ரேஷன் கடையில் போடலாம். லாரிச் செலவுகூட மிச்சம்.