தைராய்டு டெஸ்ட் நார்மல்... அப்போ இந்தச் சோர்வு எதனால்?

எட்டு மணி நேரம் தூங்கினாலும் காலையில் அசதி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எடையும் ஏறுகிறது. 'தைராய்டா இருக்குமோ?' என்று டெஸ்ட் எடுத்தால், ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். பலருக்கு அதில் நிம்மதி வருவதில்லை. டெஸ்ட் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. தைராய்டை வேலை வாங்க, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.ஹெச். தைராய்டு மந்தமானால் இது உயரும். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை நார்மல்; லேபுக்கு லேப் சற்று மாறும். ஆனால், பிட்யூட்டரியிலேயே கோளாறு என்றால், தைராய்டு ஹார்மோன் குறைந்தும் டி.எஸ்.ஹெச். நார்மலாகத் தெரியலாம். இது அரிது. கூடவே 'ஃப்ரீ டி4' பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரையும் சில லேப் முறைகளில் ரிசல்ட்டைக் குழப்பும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திய பிறகு டெஸ்ட் எடுப்பது நல்லது.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் தைராய்டையே துரத்திக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச்சத்தின் இருப்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் டெஸ்ட் அதைக் காட்டும். பி12 குறைபாடு, குறட்டையோடு மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா, மனச்சோர்வு ஆகியவையும் இதே அறிகுறிகளோடு வரும்.

'அம்மா சாப்பிடுற மாத்திரைதானே' என்று தைராக்சினைத் தானாகவே எடுப்பதுதான் ஆபத்து. தேவையில்லாத உடம்பில் அது இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும். நாளடைவில் எலும்பையும் பலவீனமாக்கும்.

'நார்மல்தான், ஒண்ணுமில்லை' என்று மருத்துவர் அனுப்பிவிடுவதும் சரியல்ல. ரிப்போர்ட் நார்மலாக இருக்கலாம். நோயாளியின் சோர்வு நிஜம். 'தைராய்டு இல்லைன்னா வேற என்னவா இருக்கும் டாக்டர்?' என்று தயங்காமல் கேட்கலாம். அறிகுறிகள் எப்போது தொடங்கின, தூக்கம், மாதவிடாய் எப்படி, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறோம் என்பதை போனில் குறித்துக்கொண்டு போனால், அந்தக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் கிடைக்கும்.