அக்காவுக்கு மாவுக்கட்டு... எனக்கு மாவு!

'காப்ளர்' என்றால் என்ன?

செருப்பு தைப்பவர் என்று நீங்கள் சொன்னால், நீங்களும் என் கட்சி. பி.காம். படித்தவன் சார் நான். டெபிட், கிரெடிட் தாண்டி இங்கிலீஷில் எனக்கு ஏது சொத்து? 2023 ஜூன் மாதம் அட்லாண்டாவில் அக்கா வீட்டுக்குப் போய் இறங்கியிருந்தேன். இரண்டாம் நாள் காலை, "டேய், இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஒரு காப்ளர் வேணும்டா" என்றாள். குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

"செருப்பு இல்லடா மண்டு. சாப்பிடுறது. பழத்தைப் போட்டு, மாவை ஊத்தி, அவன்ல வேக வைக்கிறது."

அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்ட பலகாரமாம் இது. மேலே மாவு உருண்டை உருண்டையாக வெந்து, கல் பாவிய தெரு மாதிரி மேடும் பள்ளமுமாக இருப்பதால் இந்தப் பெயர் என்று ஒரு பேச்சு. அட, மேடு பள்ளம்தான் கணக்கு என்றால், நம்ம ஊர் ரோட்டை எல்லாம் அப்படியே தட்டில் வைத்துப் பரிமாறலாமே!

"சரி, செய். நான் சாப்பிடுறேன்" என்றேன், பெருந்தன்மையாக.

அக்கா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை மாவுக்கட்டு. படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் ஒரு கீறல். ஆக, கட்டு அவளுக்கு, மாவு எனக்கு. அத்தான் செய்யலாமே என்கிறீர்களா? அத்தான் எதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசுவார். அவர் சமையலறையில் செய்யும் ஒரே வேலை அதுதான்.

"யாருக்கு இந்தக் காப்ளர்?"

"பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. போன வாரம் அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "துக்க வீட்டுக்கு இனிப்பா? உனக்கென்ன மூளை கழண்டு போச்சா? நம்ம ஊர்ல இதைச் செஞ்சா ஏழு தலைமுறைக்குப் பேச மாட்டாங்க!"

அக்கா பதில் சொல்லவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து இடது கையால் ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். நல்ல கனமான, நீள்சதுரத் தட்டு.

"2020 ஏப்ரல்ல அம்மா போனப்போ, இந்தத் தட்டு நிறைய பாட்டி கொண்டு வந்து வெச்சாங்கடா."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏப்ரல் உங்களுக்கும் நினைவிருக்கும். மார்ச் 23-லிருந்து இந்தியாவுக்கு வெளிநாட்டு விமானங்கள் கிடையாது. கோவில்பட்டியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்று காரியத்தை முடித்தோம். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் அக்காவின் முகம் தெரிந்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பாட்டி தட்டை வாசற்படியில் வைத்து, மணி அடித்து, ஆறடி தள்ளிப் போய் மாஸ்க்கோடு நின்று கை அசைத்தாராம். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் அதுதான் முறை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அதனால் அக்கம்பக்கம் சமைத்துக் கொண்டு வரும். நம்ம ஊரில் சோறும் குழம்பும், அங்கே காப்ளரும் உண்டு.

"மூணு வருஷமாவா தட்டைத் திருப்பித் தரலை?"

"வெறுந்தட்டை எப்படிடா குடுக்குறது?"

நியாயம்தானே? பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார். பாட்டியோ தட்டைக் கேட்கவும் இல்லை. கணக்கில் இப்படியே நின்று போன பாக்கி.

முதலில் பழம். ஜார்ஜியா மாநிலத்துக்குப் பட்டப்பெயரே 'பீச் மாநிலம்'. கார் நம்பர் பிளேட்டில் பீச் படம், தெருவுக்குத் தெரு 'பீச்ட்ரீ' என்று பெயர். ஆனால் கடையில் இருந்த பீச் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது! அந்த வருஷம் குளிர்காலத்தில் போதுமான குளிர் இல்லை, மரம் சீக்கிரம் பூத்துவிட்டது, மார்ச்சில் உறைபனி வந்து பூவைக் கருக்கிவிட்டது. ஜார்ஜியாவின் பீச் விளைச்சலில் 90 சதவிகிதத்துக்கு மேல் போயே போச்சு. திண்டுக்கல்லுக்குப் போய்ப் பூட்டு கேட்டால், "அலிகார் பூட்டுதான் சார் இருக்கு" என்று சொன்ன மாதிரி இருந்தது. எட்டுப் பழம் வாங்கினோம்.

அடுத்தது மாவு. கடை மாவு அக்காவுக்கு ஆகாது. சமையல் மேடையில் ஒரு குட்டி மில் வைத்திருக்கிறாள். அமெரிக்கா போய் இருபது வருஷம் ஆகியும் அம்மாவின் பழக்கம் போகவில்லை.

எங்கள் தெருமுனை மாவு மில்லுக்குக் கோதுமை டின்னை சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோவது என் வேலை. போனதும், "அண்ணாச்சி, முன்னாடி என்ன அரைச்சீங்க?" என்று கேட்காமல் டின்னைக் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை கேட்க மறந்தேன். எனக்கு முன்னால் அரைத்தது மிளகாய் வத்தல். அன்று ராத்திரி எங்கள் வீட்டுச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள எதுவுமே தேவைப்படவில்லை.

குட்டி மில்லில் 120 கிராம் கோதுமையைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். மிக்ஸியும் ஜெட் விமானமும் காதல் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு சத்தம். சத்தம் கேட்டு அத்தான் வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருப்பாரா?

"மாப்ளே, கோதுமையில மூணு பாகம். மேல தவிடு, நடுவுல மாவு, அடியில முளை. நூத்துல சுமார் 83 பங்கு மாவு, 14 பங்கு தவிடு, மிச்சம் முளை. முளையிலதான் எண்ணெய் இருக்கு. அரைச்சு வெச்சா நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். 1870-கள்ல, 80-கள்ல ரோலர் மில் பரவிச்சு. தவிட்டையும் முளையையும் தனியா எடுத்துட்டு வெள்ளை மாவா வித்தான். மாசக்கணக்குல கெடாது. ஆனா சத்தும் வாசனையும் போச்சு. வீட்டுல அரைச்சா எல்லாமே உள்ள இருக்கும்."

"நல்லது அத்தான்."

"இன்னொண்ணு. காத்துல பறக்குற மாவுத்தூசி வெடிக்கும், தெரியுமா? 1878 மே 2-ம் தேதி மினியாபொலிஸ்ல வாஷ்பர்ன் 'ஏ' மில்லு அப்படித்தான் வெடிச்சு 18 பேர் செத்தாங்க."

நான் மெதுவாக மில்லிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். "இது சின்னது, பயப்படாதே" என்று சொல்லிவிட்டு அவரும் தள்ளித்தான் நின்றார்.

இனி செய்முறை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனை 375 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஃபாரன்ஹீட்டெல்லாம் ஜுரம், அதுவும் 104 வரைதான். நம்ம கணக்கில் 190 டிகிரி செல்சியஸ். தட்டில் 113 கிராம் வெண்ணெயைப் போட்டு அவனில் உருக்க வேண்டும். ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு டேபிள் ஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, ஒரு கப் பால். இதைக் கரைத்து வெண்ணெய் மேல் ஊற்ற வேண்டும். அதன் மேல் நாலு பீச். கொதிநீரில் அரை நிமிஷம் போட்டுத் தோலை உரித்து, துண்டு போட்டு, அரைக் கப் சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் பிசறியது. முக்கால் மணி, ஐம்பது நிமிஷத்தில் ரெடி.

எல்லாம் செய்தேன். ஒன்றே ஒன்று கூடுதலாகவும் செய்தேன். அவனுக்குள் தள்ளுவதற்கு முன் கரண்டியை விட்டு நன்றாக ஒரு கலக்கு கலக்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தது. மேலே பார்த்தால் செங்கல், உள்ளே குத்தினால் அல்வா. அல்வா என்றேனா? திருநெல்வேலிக்காரர் யாராவது பார்த்திருந்தால் மான நஷ்ட வழக்கே போட்டிருப்பார். வாயில் போட்டால் தவிடு நறநறவென்றது.

"ஏண்டா கலக்குன?"

"அடுப்புல எதை வெச்சாலும் அடி பிடிக்காம கலக்கணும்னு அம்மாதானே சொல்வாங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி பன்னிரண்டே கால். மிச்சம் நாலு பழம்.

என் தப்பு இரண்டு. கலக்கக் கூடாது, ஏனென்றால் அடியில் இருக்கும் வெண்ணெய்தான் ஓரத்தைப் பொரித்து மொறுமொறுப்பாக்குகிறது. மாவு தானாகப் பொங்கி மேலே வந்து பழத்தைப் போர்த்திக்கொள்ளும். கலக்கினால் இரண்டும் நடக்காது. அடுத்தது அவசரம். முழுக் கோதுமை மாவில் தவிடு இருப்பதால் அது பாலைக் குடிக்க நேரம் பிடிக்கும். கரைத்து இருபது நிமிஷம் சும்மா விட வேண்டும். கெட்டியானால் இரண்டு ஸ்பூன் பால் சேர்க்கலாம். ரொட்டிக்கு என்றால் தவிடு ஒரு தொல்லை, மாவின் இழுவையை வெட்டிவிடும். காப்ளருக்கு இழுவையே வேண்டாம். அதனால் வீட்டில் அரைத்த மாவு இதற்குப் பொருத்தமோ பொருத்தம்.

மறுபடி அரைத்தேன். கரைத்தேன். இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். ஆபீஸில் பழக்கம்தான் என்றாலும், அன்றைக்குக் கஷ்டமாக இருந்தது. பிறகு அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாவு மெல்ல எழும்பிப் பழத்துண்டுகளைச் சுற்றி வளைத்தது. வீடெல்லாம் வாசனை. அம்மா மில் மாவைப் பேப்பரில் பரப்பி ஆற வைக்கும்போது வருமே, அந்த வாசனையும் அதில் இருந்தது.

நாலு மணிக்கு அக்காவும் நானும் போனோம். தட்டு என் கையில். பாட்டி தட்டை அடையாளம் கண்டுகொண்டார். "நான் இதைத் தேடவே இல்லையே" என்றார். உட்கார வைத்தார். ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டார். இன்னொரு ஸ்பூன். கோதுமையை வீட்டிலேயே அரைத்தது என்று அக்கா சொன்னதும் புருவத்தை உயர்த்தினார். தட்டின் ஒரு மூலையில் மொறுமொறுவென்று சிவந்திருந்த ஓரத்தை மட்டும் ஸ்பூனால் ஒதுக்கி வைத்தார்.

"மூலை எப்பவும் அவருக்குத்தான். சண்டையே போடுவார்" என்றார்.

சொல்லிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் அவரே எடுத்துச் சாப்பிட்டார். அக்கா கட்டுப் போட்ட கையை அவர் தோளில் வைத்தாள். அப்போதுதான் அக்கா அழுதாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் அழுதிருக்க வேண்டியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும், "அப்பாடா, கணக்கு நேராச்சு" என்றேன், பி.காம். புத்தியோடு.

ஒரு வாரம் கழித்து வாசல் மணி அடித்தது. பாட்டி. கையில் அதே கண்ணாடித் தட்டு. கழுவித் துடைத்து, தட்டு நிறைய அவர் தோட்டத்துத் தக்காளி.

"தட்டு உங்களுதுதானே?" என்றாள் அக்கா.

"இனிமே யாருதுன்னு எனக்கே தெரியலை" என்றார் பாட்டி.

ஊருக்கு வந்து நீலம் மாம்பழத்தில் செய்து பார்த்தேன். பிரமாதம். சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கு மில்லுக்குப் போகிறவர்கள் அண்ணாச்சியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க மறக்க வேண்டாம்.

தட்டு இப்போதும் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் போனில் கேட்டேன். அக்கா வீட்டில்தான் இருக்கிறதாம். "வெறுமனே குடுக்க முடியாதேடா, என்ன செய்யலாம்?" என்று என்னையே யோசனை கேட்கிறாள். எந்த ஆடிட்டர் வந்தாலும் இந்தக் கணக்கு டாலி ஆகாது சார். ஆகவும் வேண்டாம்.